கத்தரிச்செடி கொடுத்த தாய்வீடு

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பூச்சிபொட்டுகளும் வாய் திறந்து பேசின. பேசி என்ன கண்டன? அலுப்புதான் மிச்சம். அன்றைக்கு எல்லாச் செடிக்கும் வாசம் உண்டு, ஆனால் இலைக்குள்ளேயே அதை மூடி வைத்திருந்தன.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், சூலியாய் ஒரு அந்துப்பூச்சி வீராத்தாளின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. முட்டையிட இடம் கேட்டு அலைந்து சிறகெல்லாம் ஓய்ந்துபோயிருந்தது. மிளகாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாத்தியோரம் தானாய் முளைத்த கொத்தமல்லி, "என் உடம்பே நூல் கனம். வேற இடம் பாரும்மா" என்றது. கடைசியில் கத்தரியிடம் வந்தது.

"முதல் பிரசவமா? தாய்வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டது கத்தரி.

"எங்க இனத்துல பிள்ளை பொரியறதுக்குள்ள பெத்தவ கண்ணை மூடிருவா அக்கா. தாய்வீட்டுக்கு நான் எங்கே போவேன்?"

கத்தரிக்கு மனசு தாங்கவில்லை. "இனிமே நான்தான் உன் தாய்வீடு. உன் பொண்ணுங்களும் இங்கேயே வரட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டது.

"அவங்களுக்கு எப்படி வழி தெரியும்?"

கத்தரி யோசிக்கவே இல்லை. மூடி வைத்த வாசத்தைத் திறந்துவிட்டது. "இதைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்."

வந்தார்கள், ஐயோ, வந்துகொண்டே இருந்தார்கள்! மகள், பேத்தி, அவள் மகள். பிறந்த புழுவெல்லாம் குருத்தைக் குடைந்தது, காயைத் துளைத்தது. தாய்வீடு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்த முடியுமா? கத்தரி தலை தொங்கிப் போய் நின்றது. ஒருத்திக்கு இரங்கினால் ஊரே நம் தலையில் ஏறும் என்பது சும்மாவா?

வீராத்தாள் ஒரு காயைப் பிளந்தாள், புழு. இன்னொன்று, அதிலும் புழு. "அடுத்த பறிப்பும் சொத்தைன்னா வேரோட பிடுங்கி அடுப்புல வெச்சிருவேன், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"என்னால முடியலடி" என்று கொத்தமல்லியிடம் அழுதது கத்தரி.

"இருக்க இடம் கொடுத்தா படுக்கப் பாய் கேப்பாங்க. தெரியாதா உனக்கு? சரி, நீ வாக்கை மீற வேண்டாம். உன் வாசம் அப்படியே இருக்கட்டும், நான் என்னோடதைத் திறக்கிறேன். நீ வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு."

மறுநாள் மாலை ஒரு இளம் பூச்சி வயிற்றுப் பாரத்தோடு வந்தது. கொத்தமல்லி வாசம் கத்தரி வாசத்தை மறைத்துத் தோட்டத்தையே அடைத்து நின்றது. பூச்சி கத்தரிக்கு ஒரு முழம் மேலேயே மூன்று தரம் சுற்றியது.

"அம்மா, எங்கே இருக்கே?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்து சேர்ந்துவிடும். ஆனால் கத்தரிக்கு அலுத்துப்போயிருந்தது. பேசாமல் நின்றது. சிறகுச் சத்தம் தூரமாய்ப் போய் நின்றுவிட்டது.

அந்தப் பறிப்பில் பெரும்பாலும் நல்ல காய். வீராத்தாள் பாத்தியோரத்துக் கொத்தமல்லியை மோந்து பார்த்து, சிரித்துக்கொண்டே பாத்தி நெடுகக் கொத்தமல்லி தூவினாள். கத்தரி வரிசைக்கு நடுவே நாம் கொத்தமல்லி போடுகிறோமே, அந்த வழக்கம் அன்றைக்கு வந்ததுதான். கத்தரி அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை.