தீப்பெட்டிக்குள் யானை

சிரிப்புப் படம் போடுவதில் நாகலிங்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் ஊரே சொல்லும். பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வீட்டில் காப்பியே இறங்கும். அப்படிப்பட்டவர் வீட்டில் நாலு வயசுக் குழந்தை ஒன்று சிரிக்காமல் இருந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

குழந்தை அவருடைய பேத்தி ஆதிரை. அவர் மகள் பூர்ணிமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, பூர்ணிமாவின் பிள்ளை சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

நாகலிங்கம் முகத்தைக் கோணிக் காட்டினார். தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். படம் படமாக வரைந்து கையில் கொடுத்தார். குழந்தை வாங்கிப் பார்க்கும், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கடைசியில் அவர் செண்பகவல்லியைத் தேடிப் போனார்.

செண்பகவல்லி சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்புப் படப் புத்தகம் செய்கிறவர். கடலோரத்தில் யாரும் சீண்டாத ஒரு பழைய உப்புக் கிடங்கில் குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பாடம் நடத்தாதவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாகலிங்கத்துக்கு மகள் வயசு. அவரிடம் போய் மாணவனாக நிற்க நாகலிங்கம் வெட்கப்படவில்லை. பாவம், வெட்கப்படுகிற நிலையிலா இருந்தார்?

"பேத்தியைச் சிரிக்க வைக்கணும் டீச்சர். அது ஒண்ணு போதும் எனக்கு."

"ஒரு புத்தகம் செஞ்சு எடுத்துட்டு வாங்கண்ணே. பேத்தியையும் கூட்டிட்டு வாங்க."

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன்னால் எந்தப் புத்தகத்தையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். வாசிப்பது டீச்சர். புத்தகம் செய்தவர் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்க வேண்டும். செய்தவன் மூஞ்சியைப் பார்த்தால் பிள்ளைகள் மரியாதைக்குச் சிரித்து வைக்கும், அந்தச் சிரிப்பு சல்லிக்காசுக்கு ஆகாது என்பார் டீச்சர்.

நாகலிங்கம் கொண்டுபோனது ஒரு ராஜாவின் கதை. நாற்காலியை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிற ராஜா. குளிப்பதும் நாற்காலியில், தூங்குவதும் நாற்காலியில். கடைசியில் நாற்காலியைக் கரையான் தின்றுவிடும், ராஜா தரையில் உட்கார்ந்துகொண்டு ஆட்சி நடத்துவார்.

பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஆதிரை முன்வரிசையில். நாகலிங்கம் திரைக்குப் பின்னால் போனார். டீச்சர் வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் பக்கத்திலேயே சிரிப்பு வெடித்தது. ராஜா குளிக்கிற பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கிச் சிரித்தார்கள். கரையான் வந்ததும் கிடங்கே அதிர்ந்தது. நாகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

"கேட்டீங்களா டீச்சர்! கூரையே பிச்சுக்கிட்டுப் போச்சே!"

"யாருண்ணே சிரிச்சது?"

"பிள்ளைங்கதான்."

"ஒரு பிள்ளையும் சிரிக்கல."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். ஒருத்தன் கொட்டாவி விட்டான். ஒருத்தி பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆதிரை கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது.

"அப்போ எனக்குக் கேட்டது?"

"எனக்குக் கேக்கலண்ணே. அடுத்தது செய்யுங்க."

அடுத்து அவர் செய்தது கழுதைகள் மாநாடு. ஒன்றுக்கொன்று மாலை போட்டுக்கொள்ளும் கழுதைகள். மாலையைத் தின்றுவிட்டு, 'பொன்னாடை எங்கே?' என்று கேட்கும் தலைவர் கழுதை.

"இந்தத் தடவை திரை வேண்டாம். பிள்ளைங்களைப் பார்த்தாப்புல சுவரோரமா உட்காருங்க," என்றார் டீச்சர்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சர் வாசித்தார். எதிரே இருந்த பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதை அவர் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது. முதுகுப் பக்கமிருந்து வந்தது.

முதுகுப் பக்கம் வெறும் சுவர்.

பிள்ளைச் சிரிப்பு அல்ல அது. தடித்த ஆண் சிரிப்புகள். ஒன்றின் முடிவில் ஒரு இருமல். அந்த இருமலை அவருக்குத் தெரியும். அவருடைய பத்திரிகை ஆசிரியர் பரமசிவத்தின் இருமல். அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன தோள்களில் ஒன்று நாகலிங்கத்துடையது. இன்னொருவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சலூன் காசி அப்படித்தான் சிரிப்பார். அவரும் போய்ச் சேர்ந்தவர்தான்.

நாகலிங்கம் சட்டென்று சுவரை விட்டு நகர்ந்தார். பேத்தியைப் பார்த்தார். ஆதிரை புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நல்ல வெயில். கடற்கரைப் பாதையில் ஈ காக்கை இல்லை. ஆதிரை அவர் விரலைப் பிடித்து இழுத்தது.

"தாத்தா, அந்தத் தாத்தாங்கள்லாம் எதுக்கு நம்மகூட வராங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நடந்தார் என்ன, ஓடினார்.

மறுநாள் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"செத்துப்போனவங்க சிரிக்கிறாங்க டீச்சர். பிள்ளை கண்ணுக்கும் தெரியுறாங்க. எனக்குப் பயமா இருக்கு. எப்படியாவது விரட்டி விடுங்க."

"யாருக்காக வரைஞ்சீங்க?"

"ஆதிரைக்காக. வேற யாருக்காக?"

"பொன்னாடை கேட்கிற கழுதை ஆதிரைக்கா?"

அவர் குனிந்து துண்டின் நுனியை முறுக்கினார்.

"நீங்க இலை போட்டீங்க, அவங்க வந்து உட்கார்ந்துட்டாங்க. வந்தவங்களை நான் எப்படிண்ணே விரட்டுறது?"

"அப்போ நான் என்னதான் செய்யட்டும்?"

"ஆதிரை பகலெல்லாம் என்ன செய்றா?"

"சும்மாதான் இருக்கா."

"பார்த்தீங்களா?"

டீச்சர் வாசலைக் காட்டினார்.

"போய்ப் பாருங்க. வரையாதீங்க, முகத்தைக் கோணாதீங்க. சும்மா பாருங்க."

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். குழந்தை சும்மா இல்லை. அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தது, மூடியது. தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தது, மூடியது. குக்கரைத் திறந்தது. அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தது. மாத்திரை டப்பாவையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் மூடி வைத்தது.

"என்னடா தங்கம் தேடுற?"

குழந்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அது தேடுவது அம்மாவை என்று இத்தனை நாளும் அவருக்குத் தெரியும். பார்க்கப் பயந்துகொண்டுதான் மனுஷன் படம் படமாகப் போட்டுத் தள்ளினார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

டீச்சரிடம் போய்ச் சொன்னார்.

"அதையே போடுங்கண்ணே."

"அது சிரிப்பா டீச்சர்? அது வயித்தெரிச்சல்!"

டீச்சர் சாயம் குழைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

நாகலிங்கம் போட்டார். ஒரு கோழிக்குஞ்சு தன்னுடைய யானையைத் தொலைத்துவிடுகிறது. இலைக்கு அடியில் தேடுகிறது. கொட்டாங்குச்சிக்குள் தேடுகிறது. செருப்புக்குள், கண்ணாடிக் கூட்டுக்குள், தீப்பெட்டிக்குள். யானை எங்கேயும் இல்லை. கடைசிப் பக்கத்தில் குஞ்சு இன்னொரு மூடியில் மூக்கை வைக்கிறது. யானையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட அவர் மனசு துடித்தது. கை வரவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். இந்த முறை திரை தொங்கியது. அவர் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தான் மட்டும் அங்கே இல்லை என்பது உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள்.

டீச்சர் வாசித்தார். இலை வந்தது. ஒரு சத்தமும் இல்லை. கொட்டாங்குச்சி வந்தது. வேட்டி சரசரத்தது. செருப்பு வந்தபோது, யாரோ எழுந்து காலால் துழாவித் தன் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. இன்னொருவர் எழுந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக. காது மடலுக்குப் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள், அவர் கழுத்து சில்லிட்டது. அப்புறம் அந்த இருமல் வாசலைத் தாண்டி, மணலில் இறங்கி, கடல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

போகட்டும் என்றுதானே கேட்டார்? ஆனாலும் பின்னாலேயே போய்க் கூப்பிடலாமா என்று இருந்தது. ஆயுசு முழுக்க அவர் படத்துக்குச் சிரித்தவர்கள் அவர்கள். அவர்களை விட்டால் அவருக்கு வேறு யார்?

"குஞ்சு தீப்பெட்டியைத் திறந்துச்சு," என்று டீச்சர் வாசித்தார். "'யானையாரே, உள்ளே இருக்கீங்களா?'"

திரைக்கு இந்தப் பக்கமும் அமைதி. அந்தப் பக்கமும் அமைதி. தொலைந்தது, எல்லாம் தொலைந்தது என்று நாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயே!" என்றது ஒரு குரல். அதிகம் புழங்காத குரல். "அதுக்குள்ள எப்படி இருக்கும்?"

அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. விக்கல் மாதிரி சின்னதாகத் தொடங்கி, உருண்டு, மற்றப் பிள்ளைகளையும் தொற்றிக்கொண்டது. நாகலிங்கம் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

சிரித்து முடித்த ஆதிரை டீச்சர் மடியில் விழுந்து அழுதது. அம்மா போன பிறகு அதுதான் அதன் முதல் அழுகை. அழுது ஓய்ந்ததும், "இன்னொரு வாட்டி வாசிங்க," என்றது. டீச்சர் வாசித்தார். அது மறுபடியும் தீப்பெட்டிக்குச் சிரித்தது.

பிள்ளைகள் வெளியே விளையாடப் போனார்கள். நாகலிங்கம் திரையை விலக்கிக்கொண்டு வந்து டீச்சர் எதிரே தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"யானை கடைசி வரைக்கும் கிடைக்கலையே டீச்சர். பெரியவங்களே தாங்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. இவ எப்படிச் சிரிச்சா?"

செண்பகவல்லி பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"இதுவரைக்கும் தேடுறது அவ ஒருத்தி மட்டும்தான்னு நினைச்சிட்டு இருந்தாண்ணே."