சபை மேட்டுக்கு ஒரு வாசல்

ஒரு காட்டில் ஆறு கரைபுரண்டு ஓடியது. கரையோரத்து வளைகளை எல்லாம் ஒரே நாளில் அடித்துக்கொண்டு போனது. அங்கே குடியிருந்த முயல், கீரி, உடும்பு எல்லாம் வெட்டவெளிக்கு வந்துவிட்டன. எறும்புதின்னி என்றும் சொல்லப்படும் தாய் அழுங்கும் அப்படித்தான் வந்தது. உடம்பெல்லாம் செதில், பேச்சில் தயக்கமே கிடையாது. அதன் முதுகில், பிறந்து ஒரு மாதமே ஆன குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

அடைமழைக்கு இன்னும் நான்கே நாள். மறுபடி நனைந்தால் குட்டி பிழைக்காது.

அந்தக் காட்டுக்கு ஒரு சபை உண்டு. காட்டின் நடுவே இருந்த பெரிய செம்மண் மேட்டின் உச்சியில்தான் அது கூடும். தலைவர் யானைக்கு அந்த உயரத்தில் அப்படி ஒரு பெருமை! எழுத்தர் முள்ளம்பன்றிக்கு விதி என்றால் உயிர்.

"வீடிழந்த எல்லோருக்கும் வளை ஒதுக்கச் சபை தீர்மானித்திருக்கிறது" என்றது யானை. அழுங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனால் மனுவோடு உங்கள் வீட்டு வாசல் மண் ஒரு பிடி வைக்க வேண்டும். இந்தக் காட்டில் குடியிருப்பதற்கு அதுதான் அத்தாட்சி" என்றது முள்ளம்பன்றி.

"வாசல்தான் ஆற்றோடு போய்விட்டதே, ஐயா!"

"அப்படியானால் மனு செல்லாது."

"வாசல் இருந்தால் நான் ஏன் இங்கே வந்து நிற்கப்போகிறேன்?"

அந்தக் கேள்விக்கு விதியில் பதில் இல்லை. "அது உங்கள் பாடு" என்று முள்ளம்பன்றி சொல்லிவிட்டது.

யானை பெருமூச்சு விட்டது. "மண் கொண்டுவந்தாலும் சிரமம்தான், அம்மா. மூன்று மழைக்காலமாகத் திட்டம் போடுகிறோம். காட்டில் காலி இடமே இல்லை."

அழுங்கு மேட்டை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு மேட்டின் பின்பக்கம் போய்த் தோண்ட ஆரம்பித்தது. உச்சியில் சபை தன்பாட்டுக்கு விவாதித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அழுங்கு ஒரு பிடி மண்ணோடு வந்தது. "இதோ, என் வாசல் மண்."

முள்ளம்பன்றி தொட்டுப் பார்த்தது. "காடே நனைந்து கிடக்கிறது. இது மட்டும் எப்படிக் காய்ந்திருக்கிறது? எந்த வாசல் மண் இது?"

"உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் வாசல்."

எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். அங்கே ஒரு துளை இருந்தது. யானை தும்பிக்கையை உள்ளே விட்டது. குளுகுளுவென்று காற்று வந்து மோதியது. முள்ளம்பன்றி உள்ளே நுழைந்தது. வெகுநேரம் திரும்பவில்லை. வந்தபோது அதன் முட்கள் எல்லாம் படிந்திருந்தன.

"தலைவரே... அறைக்குப் பின் அறை. கீழே போனால் இன்னும் அறைகள். தூண்கள்கூட இருக்கின்றன. ஒரு சொட்டு ஈரமில்லை!"

"யார் கட்டியது?" என்று கேட்டது யானை.

"கறையான்கள்" என்றது அழுங்கு. "என் பாட்டன் காலத்திலேயே விட்டுப் போய்விட்டன."

குழந்தைகளே, ஒரு கறையான் உங்கள் விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அந்தக் கறையான்கள் சேர்ந்து மண்ணை எச்சிலில் குழைத்து, எந்த மழைக்கும் கரையாத ஓர் ஊரையே கட்டியிருந்தன! யானை காதைக்கூட அசைக்காமல் நின்றது. தான் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது.

"உள்ளே எல்லோருக்கும் இடமிருக்கிறது, தலைவரே. ஆனால் ஆளுக்கொரு வாசல் திறந்தால் மேடு உங்கள் எடையைத் தாங்காது. சபையா, வீடா? நீங்களே சொல்லுங்கள்."

யானை உச்சியைப் பார்த்தது. அழுங்கின் முதுகில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தது.

"எழுத்தரே, எழுதிக்கொள்ளும். இனிமேல் சபை தரையில் கூடும்."

நான்காம் நாள் மழை கொட்டியது. சபை தரையில் நனைந்துகொண்டே கூடியது. மேட்டுக்குள்ளே அழுங்குக்குட்டி தாயின் முதுகிலிருந்து இறங்கி, காய்ந்த மண்ணில் சுருண்டு தூங்கியது.

நீதி: பிறருக்கு இடமில்லை என்று சொல்லும் முன், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.