இஸ்திரி வேண்டாத உடுப்பு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் பிரகாசி. ஒன்பது வருடம் ஒரு பயணிகள் கப்பலின் அடித்தட்டில் துணி துவைத்துத் தேய்த்தவர். இப்போது தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், இஸ்திரி கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் யார் முதல்முறையாகக் கப்பல் ஏறினாலும், ஏறுமுன் ஒரு பை துணியோடு அவர் கடைக்கு வந்துவிடுவார்கள். ஒரு துணிக்கு ஒரு கேள்வி. துணி மடிந்தால் கேள்வியும் முடிந்தது. அதுதான் அங்கே சட்டம்.

சீடரின் பெயர் மாரிக்கனி. துறைமுக அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம், எந்தக் கப்பல் எப்போது வரும், எப்போது போகும் என்று பலகையில் எழுதியவர். ஒன்றிலும் ஏறியதில்லை.

ஓய்வு பெற்றதும், யாரையும் கேட்காமல், ஒரு சொகுசுக் கப்பலில் ஐந்து ராத்திரிக்கு இடம் பிடித்துவிட்டார். கொச்சியில் ஏறி, மாலத்தீவு போய்த் திரும்பி வர வேண்டும். தனியாக.

யாரையும் கேட்காமல் செய்ததால் எல்லாரும் கேட்டார்கள்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் போகிறேன் என்றோ இல்லை என்றோ டிராவல்ஸ்காரனுக்குச் சொல்லியாக வேண்டும். மாரிக்கனி கடைக்கு வந்தபோது மணி நாலேகால்.

"வாங்கக்கா. பை கனமா இருக்கே."

"பை கனமில்ல வாத்தியாரம்மா. மனசுதான் கனம்."

"மனசுக்கெல்லாம் இங்க பெட்டி போடுறதில்ல. துணிய எடுங்க."

முதலில் வந்தது பச்சைப் பட்டுச் சேலை. பிரகாசி அதன் மேல் ஒரு மெல்லிய துண்டை விரித்தார்.

"கப்பல்ல ஒருநாள் பெரிய விருந்தாம்" என்றார் மாரிக்கனி. "தட்டுக்கு இந்தப் பக்கம் மூணு முள்ளு, அந்தப் பக்கம் மூணு கரண்டி வைப்பாவளாம். எத எதுக்கு எடுக்கதுன்னு தெரியாம நான் முழிச்சா, இது எங்கேருந்து வந்திச்சுன்னு பாக்க மாட்டாவளா?"

பிரகாசி இஸ்திரிப் பெட்டியை நகர்த்தவில்லை. ஒரு தோளை மட்டும் காதுவரை தூக்கினார். குரல் மூக்குக்குள் போனது.

"‘நமக்கு எதுக்கு மாரி அதெல்லாம்? எங்க சித்தப்பா மவ சிங்கப்பூர்ல போயி முள்ளுக்கரண்டியத் தவற விட்டுட்டு, வெக்கத்துல அழுதுட்டாளாம். நான் ஒண்ணுஞ் சொல்லலம்மா. நாளைக்கு ஊரு சொல்லும் பாரு...’"

மாரிக்கனி திடுக்கிட்டுச் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கோமதி மைனி வந்திருக்காவளா?"

"வரல. நீங்கதான் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

கோமதி, மாரிக்கனியின் அண்ணன் மனைவி. அந்த வீட்டுச் சேலைகளும் இந்தக் கடைக்குத்தான் வரும். அந்தத் தெருவில் துணி தரும் எல்லாருடைய குரலும் பிரகாசியின் தொண்டையில் இருந்தது.

"சரி, என் கேள்விக்குப் பதில்?"

"உங்க கேள்வியா இருந்தாச் சொல்லலாம். இது கோமதியக்கா கேள்வி. அவங்க கப்பல் ஏறும்போது அவங்களே வந்து கேக்கட்டும்."

பட்டு மடிந்தது.

அடுத்து வந்தது வான நிறத்தில் ஒரு சுடிதார். கடைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"இது கேள்வியில்ல. சும்மா சொல்லுதேன்" என்றார் மாரிக்கனி. "இந்த வயசுல தனியா ஒரு பொம்பள, இதையும் மாட்டிக்கிட்டு, நடுக்கடல்ல... ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

பிரகாசி பெட்டியைக் கீழே வைத்தார். கையைப் பின்னால் கட்டினார். நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணாடி இல்லாத மூக்கின்மேல் ஒரு கண்ணாடியைத் தள்ளி விட்டுக்கொண்டார்.

"‘அம்மணி! கடலானது நிலையற்றது. அதனினும் நிலையற்றது மானிட வாழ்வு. தனித்துச் செல்லும் பெண்மணிக்கு யாதேனும் இடர் நேரின், உடலத்தை ஊர் கொணர்வது எங்ஙனம்?’"

மாரிக்கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடினார். "எதுத்த வீட்டு எட்மாஸ்டர்!"

"அவரு இதுவரைக்கும் எங்கெல்லாம் போயிருக்காரு?"

"திருச்செந்தூர்."

"பஸ்லயா?"

"பஸ்லதான். அதுவும் பேரன் கூட வரணும்."

பிரகாசி கடைச் சீட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தார். சுடிதார் மடிந்தது.

மூன்றாவது ஒரு பழைய நூல் சேலை.

"வாந்தி வந்தா என்ன செய்ய?"

பிரகாசி தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். எந்தக் குரலும் வரவில்லை.

"இது யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. சின்னப்பிள்ளையில மணப்பாட்டுக்குப் போற பஸ்லயே வாந்தி எடுத்தவ நான்."

"அப்ப இது உங்களோடது." குரு கரியை ஊதிவிட்டு வேகமாகப் பேசினார். "ரூம் மேல்தட்டுல கேக்காதீங்க. கீழ்த்தட்டு, கப்பலுக்கு நடுவுல கேளுங்க. அங்க ஆட்டம் கம்மி. வெறும் வயித்தோட இருக்காதீங்க. இஞ்சி முரப்பா வாயில கெடக்கட்டும். தலை சுத்துனா மேல போயி, தூரத்துல கடல் முடியுற அந்தக் கோடு ஒண்ணையே பாத்துக்கிட்டு நில்லுங்க. மாத்திரை வேணும்னா டாக்டர்கிட்ட இங்கயே கேட்டு வாங்கிக்கோங்க."

"அப்படியும் வந்துட்டா?"

"எடுங்க. ஒன்பது வருஷம் அந்த விரிப்பெல்லாம் துவைச்சவ நான். வைரத் தோடு போட்ட வாந்தியும் பாத்திருக்கேன், போடாத வாந்தியும் பாத்திருக்கேன். சோப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நூல் சேலையும் மடிந்தது. மாரிக்கனி நிமிர்ந்தார்.

"இதுக்கு மட்டும் பதில் சொன்னீங்க."

"இது மட்டும்தானே நீங்க கேட்டீங்க."

நான்காவது ஒரு சால்வை. பணி நிறைவு விழாவில் அண்ணன் தவசிலிங்கம் மேடையேறிப் போர்த்தியது. மாரிக்கனி அதைப் பையிலிருந்து எடுக்கும்போதே விரல்கள் தயங்கின.

"அண்ணன் வேண்டாம்னுட்டான்" என்றார். "இதுக்கு முன்னால அவன்கிட்ட கேக்காம நான் எதுவும் செஞ்சதில்ல. டிராவல்ஸ்காரன்கிட்டயும் பேசிட்டானாம். அஞ்சு மணிக்கு டிராவல்ஸ்காரன் கூப்பிடும்போது நான் ஆமான்னு சொன்னாப் போதுமாம், கேன்சல் ஆயிருமாம்."

"கேள்வி?"

"ஆமான்னு சொல்லிறட்டுமா?"

பிரகாசி சால்வையை விரிக்கவில்லை. பெட்டியையும் எடுக்கவில்லை.

"இந்தக் குரல நான் பேச மாட்டேன்."

"ஏன்? உங்களுக்கு வராததா?"

"நான் ரெண்டு வருஷமாத்தான் கேக்குறேன். நீங்க அறுபது வருஷமாக் கேக்குறீங்க. நீங்க பேசுங்க."

"சீ. கூடப் பொறந்தவன..."

"அப்ப சால்வைய எடுத்துட்டுப் போங்க. மணி நாலே முக்கால்."

மாரிக்கனி வாசலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, களவு செய்வதுபோல, தொண்டையைச் செருமினார். ஒருமுறை செருமியது அவர் குரலாகவே இருந்தது. இரண்டாம் முறை அது அவர் குரலில்லை.

"‘ம்க்கும். மாரி.’"

"கை?" என்றார் பிரகாசி.

மாரிக்கனியின் வலது கை, இல்லாத சட்டைப் பையை இரண்டு தட்டு தட்டியது.

"‘மாரி. சொன்னா சொன்னதுதான். கப்பலு வேண்டாம்.’"

"இன்னும் சத்தமா. சந்து முனையில நிக்கவங்களுக்குக் கேக்கணும்."

"‘கப்பலு வேண்டாம்! பொம்பளப்பிள்ளைக்குச் சைக்கிள் எதுக்கு மாரி? பத்தோட படிப்பு போதும் மாரி! மெட்ராஸ் டிரான்ஸ்பர் வேண்டாம்னு உன் ஆபீசருக்கு நானே எழுதிட்டேன் மாரி! அந்தப் பையன் வீட்டுக்கு நானே ஆள் அனுப்பி, சரிப்படாதுன்னு சொல்லிட்டேன் மாரி! ம்க்கும். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்! சொன்னா சொன்னதுதான்!’"

பெட்டிக்குள் ஒரு கரித்துண்டு வெடித்தது.

வாசலில் தவசிலிங்கம் நின்றிருந்தார். தேய்க்கக் கொடுத்த வெள்ளைச் சட்டையை வாங்க வந்தவர். சந்து முனையிலிருந்து தன் குரலையே கேட்டுக்கொண்டு நடந்து வந்திருந்தார். முகத்தில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை. குழப்பம்தான் இருந்தது.

"யாரு பேசினது?" என்றார்.

பிரகாசி வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்து, காலரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"நாந்தான்" என்றார் மாரிக்கனி.

"என்ன கூத்து மாரி இது? கடையில வச்சு..."

தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுச் சட்டத்தில் வைத்தார்.

"நான் உன் நல்லதுக்கு..." என்று தொடங்கினார். அதையும் கொஞ்ச நேரம் முன்னால்தான் கேட்டிருந்தார். நிறுத்திவிட்டார்.

போன் அடித்தது.

மாரிக்கனி எடுத்தார். சத்தம் வெளியே கேட்டது.

"மேடம் வணக்கம் மேடம்! டிராவல்ஸ்லேருந்து பேசுறேன் மேடம். சார் கேன்சல்னு சொன்னாங்க மேடம். கன்பர்ம் பண்ணிரவா மேடம்? ஜஸ்ட் ஒரு ஆமா சொன்னாப் போதும் மேடம்."

தவசிலிங்கம் தங்கையைப் பார்த்தார். பிரகாசி காலரைப் பார்த்தார்.

மாரிக்கனி வாயைத் திறந்தார். முதலில் வந்தது மைனியின் மூக்கு. அதை விழுங்கினார். பிறகு எட்மாஸ்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் இறக்கினார். பிறகு ஒரு செருமல் தொண்டைவரை வந்து நின்றது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்" என்றார் மாரிக்கனி. குரல் கரகரத்தது. அதிகம் புழங்காத குரல். "நான் போறேன்."

"மேடம், சார் சொன்னாங்களே மேடம்..."

"சாருக்கு டிக்கெட் இல்ல. எனக்குத்தான் டிக்கெட். ரூம் கீழ்த்தட்டுல, நடுவுல போடுங்க. எழுதிக்கிட்டியளா?"

"எழுதிட்டேன் மேடம்."

"திருப்பிச் சொல்லுங்க."

"கீழ்த்தட்டு, நடுவுல, மேடம்."

"ரூம்லேருந்து கடல் தெரியணும். சன்னல் இல்லாத ரூம் வேண்டாம். கரையிலேருந்து நான் நெறையப் பாத்தாச்சு."

போனை வைத்தார்.

பிரகாசி வெள்ளைச் சட்டையை மடித்துத் தவசிலிங்கத்திடம் நீட்டினார். "சூடா இருக்கு அண்ணாச்சி. பாத்துப் பிடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். சந்துக்குள் நாலடி நடந்தவர் நின்றார்.

"கொச்சிக்கு ரயில் எத்தன மணிக்கு?" என்றார், திரும்பாமல்.

"நீ வரவேண்டாம்ண்ணே" என்றார் மாரிக்கனி. "எனக்கு வழி தெரியும்."

அவர் போய்விட்டார். இந்தமுறை செருமவில்லை.

"சால்வைய மடிக்கவா?" என்றார் பிரகாசி.

"வேண்டாம். அது இங்கயே கெடக்கட்டும். கப்பல்ல அவ்வளவு குளிராது."

"அப்ப முடிஞ்சுது. பையக் குடுங்க, அடுக்கித் தாரேன்."

பிரகாசி பைக்குள் கையை விட்டார். அடியில் ஒரு பாலிதீன் உறை தட்டுப்பட்டது. மாரிக்கனி அதைப் பிடிக்கப் பாய்ந்தார்.

"ஐயோ, அது தேய்க்கதுக்கு இல்ல! அத வீட்டுலயே எடுத்து வைக்க மறந்துட்டேன்!"

ஆனால் உறை ஏற்கெனவே மேசைக்கு வந்துவிட்டது. உள்ளே கருஞ்சிவப்பில் ஒரு நீச்சல் உடை. முழங்கைவரை கை, முழங்கால்வரை கால். நாலாக மடித்து, நாள்கணக்கில் எங்கோ ஒளித்து வைத்ததில் மடிப்பெல்லாம் கோடாகப் பதிந்திருந்தது.

பிரகாசி சிரிக்கவில்லை. ஒரு தோளைத் தூக்கிப் பார்த்தார். எதுவும் வரவில்லை. கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"இதுக்கு யாரு குரலும் வரலியேக்கா."

"எப்படி வரும்? இத யாருகிட்டயும் காட்டல."

"அப்ப கேளுங்க. ஒரு துணிக்கு ஒரு கேள்வி."

மாரிக்கனி அந்த உடையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"முப்பத்துமூணு வருஷம் கடலுக்கு எதுக்கவே உக்காந்திருந்தேன். ஒருநாளும் கால நனைக்கல. இந்த வயசுல, ஒரே ஒரு தடவ உள்ள எறங்கிட்டேன்னு வைங்க... பழையபடி ஏறி வீட்டுக்கு வர எனக்கு மனசு வருமா?"

பிரகாசி பழக்கத்தில் பெட்டியைத் தூக்கி, உடைக்கு மேலே கொண்டுவந்தார். அப்படியே நிறுத்தினார். பிறகு கையை எட்டி, பெட்டியைத் தூரமாக வைத்தார்.

"இதுல பெட்டி பட்டா உருகிரும்க்கா" என்றார். "இதுக்குத் தண்ணிதான்."