கிரைண்டர்காரருக்குக் கிடைத்த பதில்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, இணையத்தில் எண்பத்தாறாயிரம் பேர் பின்தொடரும் நாச்சிமுத்து, சூலூரில் பூங்கோதையின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கோவை கணபதியில் கிரைண்டர் பட்டறை.

பூங்கோதைக்கு முப்பத்து நான்கு. இரண்டு அறை வீட்டிலிருந்து பம்ப்செட் உதிரிகளைப் பதினொரு நாடுகளுக்கு அனுப்புகிறவர். அவரைப் பின்தொடர்பவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். ஏற்றுமதிக்கு வழி கேட்டு நிறையப் பேர் வருவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார் என்று கேள்வி.

உள்ளே ஏதோ கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தன் பட்டறைக் கல் இல்லை என்று நாச்சிமுத்துவின் காதுக்குத் தெரிந்தது.

"உக்காருங்ணா" என்றார் பூங்கோதை.

"அம்மணி, மூணு வருசமா நாள் தவறாம வீடியோ போடறனுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கல்லு கொத்தறது, மாவு பொங்கறது, நான் ஆடறது."

"ஆடறீங்களா?"

"ஆடச் சொன்னாங்க, ஆடினேன். லட்சம் பேரு பாத்தாங்க. வெளிநாட்டுக்கு ஒரு கிரைண்டர் போகலீங்க. ஆவணிக்குள்ள ஆர்டர் வரலீனா பட்டறையைப் பூட்டோணும். ஒம்பது பேரு வேலை. எங்கீங்க தப்பு?"

பூங்கோதை கைகூப்பினார். செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னார்:

"வணக்கம். எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி. உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம். விவரங்களுக்கு எங்கள் பட்டியலைப் பார்க்கவும்."

விரல் சுவரைக் காட்டியது.

நாச்சிமுத்து எழுந்து போய்ப் பார்த்தார். புஷ், வால்வு, வாஷர் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. திரும்பி வந்தார்.

"அது உங்க சாமானுங்க. நான் கேட்டது என்ர சங்கதி."

"வணக்கம். எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி."

"அம்மணி..."

"உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம்."

சொல்லிவிட்டுப் பூங்கோதை போனை எடுத்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். யாருக்கு என்று நாச்சிமுத்து கேட்டார். தான்சானியாவில் ஒருவருக்காம். போர்வெல் மோட்டாரில் சத்தம் வருகிறதாம். ஷாஃப்ட் எத்தனை மில்லி என்று அவரை அளந்து சொல்லச் சொல்கிறாராம் பூங்கோதை.

பத்து நிமிடம் போனது. அவர் தட்டி முடிக்கவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அசதியாக இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"ஒம்பது குடும்பமுங்க அம்மணி."

"விவரங்களுக்கு எங்கள் பட்டியலைப் பார்க்கவும்."

நாச்சிமுத்து எழுந்துவிட்டார். "இங்க மனுசங்க யாராச்சும் இருக்கீங்களா, இல்லீங்களா?"

பூங்கோதை போனைக் கீழே வைத்தார்.

"போன தீபாவளிக்கு உங்க கிரைண்டர் ஒண்ணு வாங்கலாம்னு எழுதிப்போட்டேன். மூணு தடவை. நானும் கடைசியா இதையேதானுங்ணா கேட்டேன்."

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாசகம் தன்னுடையது என்று நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் இணையப் பக்கத்துக்கு யார் எது எழுதினாலும் தானாகப் போய்ச் சேரும்படி, மூன்று வருடத்துக்கு முன் அவரே எழுதிக் கொடுத்தது. 'முக்கியம்' என்பதற்கு முன்னால் 'மிகவும்' சேர்த்ததும் அவர்தான்.

உட்கார்ந்தார். போனைத் திறந்தார். படிக்காத செய்திகள் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு.

படித்துக்கொண்டே போனார். கும்பிடும் கைகள். பூக்கள். கடன் தருகிறோம் என்பவர்கள். பின்தொடர்வோரை இரட்டிப்பாக்குகிறோம் என்பவர்கள்.

மத்தியானம் ஆகும்போது ஓர் இடத்தில் விரல் நின்றது. பிலிப்பைன்ஸில் இலோயிலோ என்ற ஊர். லூர்தெஸ் என்ற பெண். போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது.

'சிங்கப்பூரில் ஒரு தமிழர் வீட்டில் வேலை பார்த்தேன். அவர்கள் தந்த உங்கள் கிரைண்டரை ஊருக்குக் கொண்டுவந்தேன். இட்லி போன்ற எங்கள் ஊர்ப் புட்டுக்கு அரிசி அரைத்து விற்கிறேன். எங்கள் ஊர் மின்சாரத்தில் கல் வேகமாகச் சுற்றுகிறது. மாவு சூடாகிப் புளித்துவிடுகிறது. வேகத்தைக் குறைக்க வழி உண்டா? உண்டென்றால் எங்கள் தெருவில் இன்னும் பதினொரு பேருக்குக் கிரைண்டர் வேண்டும்.'

கீழே பதில். வணக்கம், நன்றி, மிகவும் முக்கியம்.

அவள் மறுபடி கேட்டிருந்தாள். அதே பதில். மறுபடி. அதே பதில். நான்காவது செய்தி ஒரே வரி: 'உள்ளே யாராவது இருக்கிறீர்களா?'

அதற்கும் வணக்கம் போயிருந்தது.

நாச்சிமுத்து போனைப் பூங்கோதையிடம் காட்டினார். "ரெண்டு வருசமாச்சுங்க அம்மணி. இப்ப என்னன்னு எழுதறது?"

"மாவு ஏனுங்ணா சூடாகுது?"

"அங்க மோட்டார் நம்ம ஊரைவிட வேகமாச் சுத்தும். பெல்ட் ஓடற மோட்டார் புல்லியைக் கொஞ்சம் சின்னதாக் கடைஞ்சு போட்டாச் சரியாப் போயிரும். பழைய புல்லி அளவு தெரியோணும்."

"அதை என்கிட்ட ஏனுங்ணா சொல்றீங்க?"

நாச்சிமுத்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். 'இருக்கிறேன்' என்பது முதல் சொல்.

மூன்றரை மணிக்குப் பதில் வந்தது. ஒரு படம்: துணி அளக்கும் நாடா சுற்றிய புல்லி. கீழே, பதினொரு பேரில் மூன்று பேர் வேறு கம்பெனியில் வாங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள்.

நவம்பர் எட்டாம் தேதி எட்டுக் கிரைண்டர்களும் ஒரு தனிப் புல்லியும் தூத்துக்குடியில் கப்பல் ஏறின. அன்று அவருடைய இணையப் பக்கத்தில் வீடியோ எதுவும் போடப்படவில்லை. பட்டறைக்கு ஒன்பது பேரில் ஐந்து பேர் வேலைக்கு வந்திருந்தார்கள்.