வானம் வைத்த கார்

உப்பளத்துச் சாலையில் சலேத்தம்மாள் மேஸ்திரியின் கார் பட்டறை இருந்தது. அவரைவிட வயதில் மூத்த தொம்மை அவரிடம்தான் தொழில் படித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தொம்மையின் அண்ணன் சிறையிலிருந்து வருகிறார். உப்பளத் தொழிலாளிகளுக்காக உள்ளே போனவர். அன்று அவர் பின்னால் கோஷம் போட்டவர்களில் பாதிப் பேர் இன்று பதவியில் இருந்தார்கள். மீதிப் பேருக்கு மறதி. அழைத்துவர, தொம்மையும் ஒரு பழைய ஃபியட்டும்தான் மிச்சம்.

"ஒரே ஆசைதான் சொன்னாரு, மேஸ்திரி. முழு வானம் பாக்கணுமாம்."

அதற்காகத்தான், காயலான் கடையில் நசுங்கிக் கிடந்த வெளிநாட்டுக் காரிலிருந்து மடக்குகிற துணிக்கூரையைக் கழற்றி வந்திருந்தான். ஃபியட்டின் தகரத்தை அறுத்துச் சட்டம் பொருத்தி, துணியை வெயிலில் இளக்கி இழுத்துப் பூட்டியாயிற்று. உள்ளிருந்து திறந்து மூடும் கைப்பிடியை மட்டும், துருப்பிடித்ததென்று குப்பை டப்பாவில் போட்டுவிட்டான்.

"கைப்பிடி எங்க?"

"அது எதுக்கு? துணியை மடிச்சு வெளியே கட்டிருவேன். வழி நெடுக அண்ணனுக்கு வானத்தைக் குடுக்கப்போறேன்."

"வானம் உங்க வீட்டுச் சொத்தா, அண்ணாச்சி?" மேஸ்திரி சிரித்தார். "சரி, அவரு இடத்துல உக்காருங்க. பாப்போம்."

தொம்மை இடது இருக்கையில் உட்கார்ந்தான். மேஸ்திரி கதவைச் சாத்தி, துணியை மடித்து வெளியே கட்டினார்.

நீலம் மடியில் இறங்கியது. உப்புக் குவியல் போல ஒரு மேகம் வந்தது. கரைந்து, படகாகிப் போனது. கார் ஓடாமலே ஓடியது. பக்கத்தில் அண்ணன் இருந்தார், கறுத்த மீசையோடு, பாடிக்கொண்டு. பிறகு மேகம் தீர்ந்தது. வானம் மட்டும் இருந்தது. அது இறங்கி இறங்கி வந்தது. கண் கூசி நீர் கொட்டியது.

"மூடுங்க, மேஸ்திரி."

மேஸ்திரி இருக்கை உறைக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.

தொம்மை கதவைத் தடவினான். உறை மாற்றுவதற்காகக் கதவுகளின் உள்கைப்பிடிகளைக் காலையில் அவனே கழற்றியிருந்தான். கை மேலே எழுந்தது. நெற்றிக்கு நேரே, சட்டத்தின் விளிம்பில் எதையோ தேடியது.

"மேஸ்திரி! என்னைத் திறந்து விடுங்க!"

"கூரை திறந்துதானே இருக்கு, அண்ணாச்சி?"

"மூடுங்கன்னு சொல்றேன்!"

அவர் நிதானமாக எழுந்து வந்து துணியை இழுத்து மூடினார். கதவைத் திறந்துவிட்டார்.

தொம்மை இறங்கினான். பிறகு குப்பை டப்பாவைக் கவிழ்த்துக் கைப்பிடியைப் பொறுக்கினான். மண்ணெண்ணெய் விட்டுத் துருவைத் துடைத்தான்.

"இதை எங்க வைக்கிறது, மேஸ்திரி?"

"இப்ப உங்க கை எங்க தேடிச்சோ, அங்க."