ஈ காக்கா மிதிக்காத ரோடு

சொக்கட்டான்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கோட்டைச்சாமிக்கு அன்றைக்குக் கை நிறைய வேலை. விடிந்தால் மகள் பவளக்கொடியைப் பெண் பார்க்கக் காரில் வருகிறார்கள். தார் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் பாதை பூராவும் சேறு. போன தடவை வந்த வரன் பாதி வழியில் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது. இதுவும் போனால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனது ஆகட்டும் என்று டிராக்டரில் கிராவல் மண் வரவழைத்துவிட்டார்.

டிரைவர் சவரியப்பன் வெளியூர்க்காரன், பாவம். கிராவலை வழிநெடுகக் குவியல் குவியலாகக் கொட்டி, அதை நிரவ டிராக்டருக்குப் பின்னால் இரும்புப் பலகையையும் மாட்டினான். அதற்குள் பசி வந்துவிட்டது.

"நான் சாப்பிட்டு வந்துர்றேன். பலகை சரியா இழுக்குதான்னு பின்னாடி பார்த்து ஓட்டுங்க. மத்தவங்க மம்பட்டி எடுத்து நல்லா மட்டம் போடுங்க" என்று கோட்டைச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கோட்டைச்சாமி தன் மச்சினன்மார் இரண்டு பேரையும் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னார். இளையவன் சோணமுத்து மம்பட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், அதைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான்.

"என்னடா இது?"

"நீங்கதான மச்சான் மட்டம் போடச் சொன்னீங்க? பள்ளிக்கூடத்துல நான் போடாத மட்டமா!"

மூத்தவன் பெத்தணனுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். ஏறி உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினவன் திருப்பினவன்தான். பின்னால் ரோடு ஜம்மென்று விழுந்துகொண்டே வந்தது. முன்னால் வைக்கோல் படப்பு வந்தது. டிராக்டர் உள்ளே புகுந்து, வைக்கோலை அள்ளிக்கொண்டு வெளியே வந்து, அதையும் சேர்த்து நிரவியது.

"கண்ணு எங்கடா இருந்துச்சு?" என்று கத்தினார் கோட்டைச்சாமி.

"பின்னாடி மச்சான். முன்னாடி பார்க்க ஒருத்தரும் சொல்லலையே."

கொஞ்ச நேரத்தில் சோணமுத்து அலறிக்கொண்டு ஓடிவந்தான். "மச்சான்! மாடு நம்ம ரோட்டைத் தின்னுது!"

திரும்பி வந்த சவரியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். மாட்டை விரட்டி, வைக்கோலைப் பொறுக்கி, பொழுது சாய்வதற்குள் தானே நிரவித் தண்ணீரும் தெளித்து முடித்தான். கிளம்பும்போது, "இறுகுற வரைக்கும் ஒரு ஈ காக்கா இதை மிதிக்கக் கூடாது" என்றான்.

அன்றிரவு மச்சினன்மார் தூங்கவே இல்லை. காக்காய்க்குப் பெத்தணன், ஈக்குச் சோணமுத்து.

காலையில் தார் ரோட்டில் கார் வந்து நின்றது. கோட்டைச்சாமி ரோட்டோரத்துக்கு ஓடினார்.

"ரோடு இறுகிருச்சாடா?"

"மிதிச்சுப் பார்த்தாத்தான் மச்சான் தெரியும்" என்றான் பெத்தணன்.

"மிதிக்கக் கூடாதுன்னு டிரைவர் சொன்னாரே?"

"அப்ப தெரியாது."

மூன்று பேரும் யோசித்தார்கள். வேறு வழியே தெரியவில்லை. கோட்டைச்சாமி துண்டை ஆட்டி, காரை ரோட்டுக்குப் பக்கத்துச் சேற்றில் இறக்கிவிட்டார். சக்கரம் பாதி புதைந்து கார் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வேட்டி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் தாம்பாளத்தோடு நடந்து வந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று கோட்டைச்சாமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். ஒரு கால்தடம்கூட இல்லை. பிறகு சேற்றுக் கையோடு கோட்டைச்சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி! பொருளோட அருமை தெரிஞ்ச வீடு சம்பந்தி இது! பொண்ணு எடுத்தா இங்கதான் எடுக்கணும். நாங்களும் போன வருசம் வீட்டுக்கு ரோடு போட்டோம். யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு வாசலை அடைச்சுச் சுவர் வச்சுட்டோம். கூரை ஓடுகளைப் பிரிச்சுப் பின்பக்கமா ஏறி இறங்கித்தான் புழங்குறோம். அது கிடக்கட்டும், பொண்ணுக்கு ஏணி ஏறத் தெரியுமில்ல?"