பூசணிக் கொடிக்குப் பந்தல் போட்ட ராஜா

முன்னொரு காலத்திலே, வெயிலை இத்தனை பேர் திட்டாத காலத்திலே, பூங்குளம் என்கிற நாட்டை அதிவீரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனசுக்காரர். ஆனால் அந்த மனசு எந்நேரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியாது. அரண்மனைத் தோட்டத்தில் தன் கையாலே ஒரு பூசணி விதை போட்டார். கொடி படர்ந்ததும் அதற்குச் செல்லி என்று பேர் வைத்து, "மகளே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அமைச்சர் தீத்தாரப்பரும் தினம் காலையில் அந்தக் கொடியிடம் போய் நலம் விசாரித்துவிட்டுத்தான் சபைக்கு வரவேண்டும். அமைச்சர் உத்தியோகம் என்றால் சும்மாவா?

ஒரு மத்தியானம் வெண்கொற்றக்குடை வரத் தாமதமாகி, ராஜாவின் வழுக்கைத் தலை சுட்டுவிட்டது. "ஐயய்யோ! எனக்கே இப்படி என்றால், என் செல்லி நாள் பூரா வெயிலில் நிற்கிறாளே!" என்று அலறினார்.

குடைக்கெல்லாம் அதிகாரி மங்களகிரி. தீத்தாரப்பரின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். திட்டு விழுவதற்குள் முந்திக்கொண்டார். "இளவரசிக்கு ஓலைப் பந்தல் போட்டுவிடுவோம் மகாராஜா! பொட்டு வெயில் உள்ளே வராது. வேருக்குத் தினம் இளநீர் ஊற்றுவோம்!"

சில நாள் கழித்து ராஜா சபையோடு போய்ப் பார்த்தால், கொடி நெடுநெடுவென்று நீண்டு, இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாய்க் கிடந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா! இளவரசி உயரமும் ஆகிவிட்டார், பொன்னிறமும் ஆகிவிட்டார்!" என்றார் மங்களகிரி. ராஜாவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

தீத்தாரப்பருக்குத் தாங்கவில்லை. "இது அழகில்லை மகாராஜா, பசி! வெயில்தான் கொடிக்கு அடுப்பு நெருப்பு. நெருப்பை அணைத்துவிட்டு இளநீர் ஊற்றி என்ன பயன்?"

"அடுப்பாமே! அடுப்பு என்றால் புகை வேண்டாமா? எந்த இலையில் ஐயா புகை வருகிறது?" என்று மங்களகிரி கேட்க, சபை கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புச் சூட்டோடு சூடாக, "நாட்டு வயலுக்கெல்லாம் இப்படியே பந்தல் போட்டால் நாடே பொன்னாகும் மகாராஜா!" என்று இன்னொன்றும் போட்டார்.

"போடும் ஓய், போடும்!" என்று ராஜா துள்ளினார்.

தீத்தாரப்பர் சட்டென்று முன்னே வந்தார். நெல் பால் பிடிக்கிற நேரம். இப்போது வெயிலை மறைத்தால் அத்தனையும் பதர். ஊர் உலகம் பட்டினி.

"ஒரு நாள் தவணை கொடுங்கள் மகாராஜா. அந்தப் புகையைக் கண்ணெதிரே காட்டுகிறேன். நாளை மத்தியானம் என் வீட்டில் விருந்து."

"தந்தேன். காட்டாவிட்டால் மோதிரம் மங்களகிரிக்கு, பந்தல் வயலுக்கு!" என்றார் ராஜா. அமைச்சர் வீட்டு வத்தக்குழம்பை நினைத்து அப்போதே நாக்கில் எச்சில் ஊறியது.

மறுநாள் காலைப் பலகாரம்கூடச் சாப்பிடாமல், மத்தியானம் மங்களகிரி குடை பிடிக்க, அமைச்சர் வீட்டுக்குக் காலி வயிறோடு வந்து உட்கார்ந்தார் ராஜா. இலை போட்டார்கள். இலையில் விழுந்தது பச்சை அரிசி. பக்கத்தில் முழுக் கத்தரிக்காய். மேலே ஒரு செம்பு தண்ணீர்.

"என்ன ஓய் இது?"

"சமையல்கட்டுக்குள் போனேன் மகாராஜா. பாவம், பானை நெருப்பில் கிடந்து வேகிறது! மனசு கேட்கவில்லை. நெருப்பை அணைத்துவிட்டுப் பானைக்கு நிழலாக ஒரு பட்டுக்குடை பிடிக்கச் சொன்னேன்."

"பைத்தியமா உமக்கு? நெருப்பில்லாமல் அரிசி எப்படி ஐயா சோறாகும்?"

"அதைத்தானே மகாராஜா, செல்லியும் கேட்கிறாள்."

ராஜா வாயைத் திறந்தார். வயிறுதான் முந்திக்கொண்டு கூப்பாடு போட்டது.

"கதையெல்லாம் சரி, புகை எங்கே?" என்று மங்களகிரி குறுக்கே பாய்ந்தார்.

முற்றத்தில் வெயில் பளீரென்று விழுந்த ஒரு கல்தொட்டி. தெளிந்த தண்ணீருக்குள்ளே வேலம்பாசி. தீத்தாரப்பர் ராஜாவை அதன் முன்னே கூட்டிப்போனார். பாசியிலிருந்து குட்டிக் குட்டி முத்தாகக் குமிழிகள் கிளம்பி வரிசையாய் மேலே வந்துகொண்டிருந்தன.

"மங்களகிரியாரே, குடையைத் தொட்டி மேலே பிடியுங்கள்" என்றார் அமைச்சர்.

பிடித்தார். குமிழி குறைந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது.

"எடுங்கள்!"

எடுத்தார். மறுபடி முத்து முத்தாய்க் கிளம்பியது.

ராஜாவுக்குப் பசி பறந்துவிட்டது. குழந்தை மாதிரி குதிக்க ஆரம்பித்தார். "பிடியும்! எடும்! பிடியும் ஓய், பிடியும்! ஹா, நின்றுவிட்டது! எடும், எடும்!" தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடி மங்களகிரிக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

தீத்தாரப்பர் சொன்னார்: "வேர் தண்ணீர் கொண்டுவருகிறது. இலை காற்றை இழுக்கிறது. இலையின் பச்சை வெயிலைப் பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்து உள்ளே இனிப்புச் சமைகிறது. செல்லி அதைத் தின்று வளர்ந்து, மிச்சத்தைக் காயில் சேர்த்துவைப்பாள். நெல்லும் அப்படித்தான். நம் விறகில்கூட என்றைக்கோ அடித்த வெயில்தான் ஒளிந்திருந்து அடுப்பில் எரிகிறது. நம் அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும். இந்த அடுப்பு குமிழியாய் விடுகிற புகையோ நாம் மூச்சுக்கு இழுக்கிற நல்ல காற்று!"

"அப்படியென்றால் என் மகளை நானே பட்டினி போட்டேனா!" ராஜா தலையில் அடித்துக்கொண்டார். "எடு அந்தப் பந்தலை!"

"மெல்ல மகாராஜா. பட்டினி கிடந்தவளுக்கு ஒரேயடியாகப் பந்தி வைக்கக் கூடாது. ஓலையை ஒவ்வொன்றாக எடுப்போம்."

ராஜா மோதிரத்தை அமைச்சர் விரலிலேயே அழுத்திவிட்டு, பச்சை அரிசி இலையை மங்களகிரி பக்கம் தள்ளினார். "நெருப்பில்லாத விருந்து, உம்முடைய யோசனை. நீரே சாப்பிடும்!" மங்களகிரி கத்தரிக்காயைக் கடித்த சத்தம் தெருவரை கேட்டதாம். உள்ளே ஒளித்துவைத்திருந்த வத்தக்குழம்பு அப்புறம்தான் வெளியே வந்தது.

வயலில் பந்தல் ஏறவில்லை. நெல் முற்றியது. செல்லியும் புதுசாய்ப் பச்சை இலை விட்டுக் காய்த்தாள்.

அதற்கப்புறம் ராஜா வரப்போரம் நடந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். "குடையை மடக்கும் ஓய்! சமைக்கிற இடத்தில் நிழல் தட்டலாமா?" என்று அதட்டுவார். வழுக்கைத் தலை பளபளவென்று சுட, தன் நிழலும் பயிர் மேல் விழாமல் ஒதுங்கி ஒதுங்கி நடப்பார். பின்னாலே மங்களகிரி, மடக்கின குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துப் போவார்.